ஆந்தைக் கொட்டகையில் கிடை

ராதாமணிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது முத்தையன்பட்டியில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். அந்த வாயால் அவள் வீட்டு ஆடுகளுக்கு ஒரு ஊரே கதவைச் சாத்தும் என்று மட்டும் யாரும் நினைக்கவில்லை. ஐப்பசிக் கடைசியில் ஒருநாள், விளாத்திகுளம் போகிற முதல் பஸ்ஸுக்காக நின்றிருந்த ஏழெட்டுப் பேர் முன்னால் அவள் சொன்னாள்: "கொட்டகையில கெடக்க ஆந்தைக்கெல்லாம் வயித்துல புழு. நம்ம ஆட்டுக்கு இருக்குல்லா, அதே புழுதான். டாக்டரம்மா மிஷின் வச்சுப் பாக்க ரெண்டு நாளாச்சு. நான் மோந்து பாத்தே சொல்லிட்டேன்." சொன்னதில் முக்கால்வாசி பெருமை. மிச்சத்தில் ஒரு தப்பு இருந்தது. பெருமையை அன்றைக்கே மறந்துவிட்ட ஊர், தப்பை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டது.

கொட்டகை என்றது, ஊருக்கு மேற்கே மின்சாரக் காற்றாடிகள் ஆரம்பிக்கிற இடத்தில் இருந்த பறவை மீட்பு மையத்தை. ஒன்றும் விளையாத மூன்று ஏக்கர் களர் நிலம். தூத்துக்குடியில் இருக்கிற ஒரு அறக்கட்டளை அதை வாங்கி, கம்பிவலைக் கூண்டுகளும் சிமெண்டு ஷீட் போட்ட ஒரு மருந்தறையும் கட்டியிருந்தது. மயில், பருந்து, கொக்கு எல்லாம் வந்தாலும் ஆந்தைகள்தான் அதிகம். முள்கம்பியில் இறக்கை கிழிந்தது, பாழுங்கிணற்றில் விழுந்தது, நாலுவழிச் சாலையில் லாரி வெளிச்சத்தில் கண் கூசி மோதியது என்று வனத்துறைக்காரர்கள் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டுக் கொண்டுவந்து ஒப்படைப்பார்கள். விடிந்ததும் ஆந்தை முகத்தில் முழிக்கிற வேலைக்கு ஊரில் ஒருத்தரும் போகவில்லை. ராதாமணி போனாள். ஏன் போகிறாய் என்று கேட்டவர்களிடம், இருபத்தாறு வருசமாக இந்த மனுசன் முகத்தில் முழிக்கிறேன், ஆந்தை என்ன செய்துவிடும் என்றாள். இந்த மனுசன் என்றது அவள் புருசன் நந்தகோபாலை. அவரும் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

நந்தகோபாலுக்குத் தொண்ணூறு உருப்படி. பெரும்பாலும் வேம்பூர் ஆடு, வெள்ளையில் செம்பொட்டு விழுந்தவை. கூடவே கன்னி என்கிற ஜாதி வெள்ளாடும் ஐந்தாறு உண்டு. மாசி பிறந்து அறுப்பு முடிந்ததும், ஆடுகளை மூங்கில் தட்டிகளுக்குள் வளைத்து ஒவ்வொருவர் மானாவாரிக் காட்டிலும் சில நாள் படுக்க வைப்பார். புழுக்கையும் மூத்திரமும் அந்தக் கரிசலுக்கு உரம். அதற்குப் பேர்தான் கிடை. மாசியிலிருந்து ஆவணி வரை ஊர்க்காடுகளில் கிடை மறித்து வாங்கிய கூலியில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. மகன் மாதவன் புதியம்புத்தூரில் ஒரு தையல் கூடத்தில் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஆட்டு வாடையே ஆகாது.

ஆட்டுக்காரர்கள் காலையில் பட்டியைத் திறந்ததும் ஆட்டைப் பார்க்கமாட்டார்கள், தரையைப் பார்ப்பார்கள். புழுக்கை கருப்பாக, உருண்டையாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடந்தால் நிமிர்ந்து ஆட்டைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பழக்கத்தில்தான் ராதாமணி ஆந்தைக் கூண்டுக்குள்ளும் முதலில் தரையைப் பார்த்தாள். எட்டயபுரம் பாதையில் கிடைத்த ஒரு கூகை, முகம் பூராவும் வெள்ளையாக இருக்கும், ஒரு நாளைக்கு ரெண்டு எலி தின்றும் தேறவில்லை. தூக்கினால் நெஞ்செலும்பு கையில் குத்தியது. எச்சம் சுண்ணாம்புக்கு நடுவில் கருப்புப் பொட்டு வைத்த மாதிரி விழ வேண்டும். இதற்குச் சளியும் பச்சையுமாகக் கலங்கி விழுந்தது. நாற்றமும் கழிச்சல் கண்ட ஆட்டுக்குட்டியின் நாற்றம்.

செவ்வாயும் வெள்ளியும் கோவில்பட்டியிலிருந்து ஸ்கூட்டரில் வருகிற கால்நடை மருத்துவர் ஆஸ்லின். சின்ன வயதுதான், பொறுமை அதிகம். புது இடம், பயம், அதனால் கழிகிறது என்றாள் முதலில். பயத்தில் கழிந்தால் ஒருநாள் கழியும், எட்டு நாளா கழியும் என்று கேட்டு, மருந்துக் குப்பியில் பிடித்து வைத்திருந்த எச்சத்தை ராதாமணி நீட்டினாள். அன்றைக்கு மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் அகப்படவில்லை. மறுநாளும் வந்து, எச்சத்தை உப்புக் கரைசலில் மிதக்கவிட்டுப் பார்த்தபோது முட்டைகள் தெரிந்தன. எலுமிச்சம்பழ வடிவத்தில், இரண்டு முனையிலும் மூடி போட்ட முட்டைகள். ராதாமணியையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். பதினோரு ஆந்தைகளில் ஏழின் எச்சத்தில் அதே முட்டை இருந்தது. அந்த வாரம் செத்துப்போன ஒரு கொம்பன் ஆந்தையை அறுத்தபோது, குடலில் மயிர் மாதிரி மெல்லிசாக ஒரு ஜாதிப் புழுவும், தலையெல்லாம் முள்ளாக இன்னொரு ஜாதிப் புழுவும் இருந்தன. முள்தலைப் புழுவைக் குடலிலிருந்து பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. இரண்டையும் ஸ்பிரிட் குப்பியில் போட்டுச் சீட்டு ஒட்டினாள் ஆஸ்லின்.

காட்டில் திரிகிற ஆந்தைக்குப் புழு இருப்பது புதுசில்லை என்று அவள் விளக்கினாள். வெட்டுக்கிளி, ஓணான், எலி வழியாக உள்ளே போகும். பறந்து வேட்டையாடுகிறவரை புழுவும் ஆந்தையும் ஒரே வீட்டில் குடித்தனம் பண்ணும். எலும்பு முறிந்து, கூண்டில் ஒடுங்கி, மனுச வாடையில் மிரண்டு கிடக்கும்போது புழுவின் கை ஓங்கிவிடும். அதனால் வருகிற ஒவ்வொரு ஆந்தைக்கும் எச்சம் பார்க்க வேண்டும், எடைக்குத் தக்க மருந்து தர வேண்டும், மூன்று தடவை தொடர்ந்து சுத்தமாக இருந்தால்தான் கூண்டைத் திறந்துவிட வேண்டும் என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். மருந்தை எலியின் வயிற்றுக்குள் வைத்துத் தருவது ராதாமணி வேலை. பத்து நாளில் வெள்ளைமுகக் கூகைக்கு நெஞ்சில் சதை பிடித்தது. யாருக்குத்தான் பெருமை வராது? அந்த வாரம்தான் பஸ் நிறுத்தத்தில் வாயை விட்டாள்.

கார்த்திகையில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. கரிசல் செருப்பைக் கழற்றி வாங்கி வைத்துக்கொள்கிற மழை. கண்மாய் பாதி நிறைந்தது. தண்ணீர் ஏறாத உள்வாய்ப் பரப்பில் கோரையும் புல்லும் பச்சைப் பசேல் என்று கிளம்பின. ஊரில் இருந்த நாலு மந்தையும் அங்கேதான் மேய்ந்தன. ஈரப்புல்லில் விடாதீங்க என்று ராதாமணி புருசனிடம் சொன்னாள்தான். எல்லாரும் அங்கதான் போறாவ, நான் மட்டும் எங்க போக என்றார் நந்தகோபால். மாதம் முடியுமுன் ஆடுகள் கழிய ஆரம்பித்தன. தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கியது. சீனி என்கிற இன்னொரு ஆட்டுக்காரரின் மந்தையில் பதினாலு குட்டி செத்தது. நந்தகோபாலுக்கு ஐந்து. கழிச்சலுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டபோது, எடுத்து வைத்திருந்த சொல் ஊருக்கு ஞாபகம் வந்தது.

மார்கழி முதல் ஞாயிறு காலையில் சமுதாயக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ராதாமணியையும் வரச் சொல்லியிருந்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்தவர் பாண்டிராஜ். இருபது ஏக்கரில் பருத்தியும் மிளகாய் வத்தலும் உளுந்தும் போடுகிறவர், வருசா வருசம் நந்தகோபாலின் கிடை முதலில் இறங்குகிற காடு அவருடையது. கெட்ட மனுசர் என்று சொல்ல முடியாது. ஆனால் நாலு பேர் சொல்வதை ஐந்தாவதாகச் சொல்கிறவர்.

"ஆந்தைக்கும் ஆட்டுக்கும் ஒரே புழுன்னு நீதான சொன்ன?" என்று கேட்டார்.

"சொன்னேன் அண்ணாச்சி."

"அங்கன ஆந்தப் பீய அள்ளுத. அந்தக் கையோட வந்து இங்கன ஆட்டுக்குத் தண்ணி காட்டுத. அந்த ஆடு எங்க ஆட்டோட சேந்து மேயுது. நீயே சொல்லு."

"தண்ணி காட்டுதேன். ஆனா அன்னைக்கி நான் சொன்னது தப்பு. டாக்டரம்மா பொறவுதான் வெளக்கிச் சொன்னாவ. அது வேற புழு, இது வேற புழு. ஆந்தப் புழு ஆட்டு வயித்துல பொழைக்காதாம். நம்ம ஆட்டுக்கு வந்தது கம்மாப் புல்லுல இருந்து."

சீனி சுவரோரம் குத்தவைத்திருந்தார். பதினாலு குட்டியைப் புதைத்த சோகம் முகத்தில் அப்படியே இருந்தது. "அன்னைக்கி ஒரு பேச்சு, இன்னைக்கி ஒரு பேச்சா?" என்றார்.

"அன்னைக்கித் தெரியாமச் சொன்னேன். இன்னைக்கித் தெரிஞ்சு சொல்லுதேன். தெரியாமச் சொன்னத நம்புதீங்க. தெரிஞ்சு சொன்னா நம்ப மாட்டேங்கீங்க."

பேச்சு எதற்கு, ஊர்க் கூட்டத்துக்கென்று ஒரு நோட்டு இருந்தது. அதில் ஏற்கெனவே எழுதிவைத்ததைப் பாண்டிராஜ் வாசித்தார். கொட்டகையை மூடச் சொல்லிக் கலெக்டருக்கு மனுக் கொடுப்பது. ராதாமணி அந்த வேலையை விடுவது. விடாவிட்டால், மாசியிலிருந்து நந்தகோபால் கிடையை ஊரில் யாரும் தங்கள் காட்டில் மறிக்கக்கூடாது, பக்கத்து ஊர்களுக்கும் சொல்லி அனுப்பப்படும். வாசித்து முடித்து, என்ன சொல்லுத என்று நிமிர்ந்து பார்த்தார். நான் வேலைய விட மாட்டேன் என்று சொல்லிவிட்டு ராதாமணி எழுந்து வெளியே வந்தாள். நந்தகோபால் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

மத்தியானம் குதிரைவாலிச் சோறும் மொச்சைக் குழம்பும் வைத்தாள். நந்தகோபால் சோற்றை விரலால் அளைந்துகொண்டே இருந்தார். சேதி எப்படியோ புதியம்புத்தூர் வரைக்கும் போய், மாதவன் போனில் கூப்பிட்டு, ஆட்டையும் விற்றுவிட்டு ஆந்தையையும் விட்டுவிட்டு இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள், பட்டன் தைக்கிற வேலை வாங்கித் தருகிறேன் என்றான். நல்ல மனசோடு சொன்னதுதான். ராதாமணி நீ சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

"ஏட்டி, அது காட்டுல திரியுத பறவ. நமக்கு என்ன ஒறவா, மொறையா? அதுக்காக ஊரப் பகச்சுக்கிட்டு எங்கன போய்ப் பொழைக்க?" என்று நந்தகோபால் ஆரம்பித்தார்.

"ஆந்தைக்காகன்னு யாரு சொன்னா? நான் தப்பாச் சொன்ன ஒரு சொல்லு இருக்குல்லா, அதப் புடிச்சுக்கிட்டுத்தான் நிக்காவ. இப்பம் நான் வேலைய விட்டா அந்தச் சொல்லு நெசமாயிரும். பொறவு எந்த வருசமும் நம்ம ஆட்டுல ஒண்ணு இருமுனாலும் ஆந்தப் புழுன்னுதான் சொல்லுவாவ. உங்க கெடைக்கு ஆயுசுக்கும் அந்தப் பேரு போவாது. நீங்க ரோசிச்சுப் பாருங்க."

"ரோசிச்சாச்சு. மாசிக்கு ஆட்ட எங்க மறிக்க? அதச் சொல்லு."

"மாசி வரைக்கும் ஏன் பாக்கணும்? நாளைக்கே மறிப்போம். கொட்டகையில."

நந்தகோபாலுக்குக் கையில் இருந்த சோறு அப்படியே நின்றது. கல்யாணம் ஆனதிலிருந்து அவளுடைய எத்தனையோ பேச்சைச் சிரித்தே தள்ளியிருக்கிறார். இதைத் தள்ள முடியவில்லை. ஆந்தைக்குப் பக்கத்திலேயே ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், தொண்ணூறு ஆடும் கிடக்கட்டும், எது சாகுது என்று ஊர் பார்க்கட்டும் என்றாள் அவள். தொண்ணூறில் ஐந்து போய் எண்பத்தஞ்சுதான் என்று அவர் திருத்தினார். அது சம்மதம்தான் என்று அவளுக்குப் புரிந்தது.

ஆஸ்லின் சம்மதிப்பதாக இல்லை. செவ்வாய்க்கிழமை வந்து விசயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அக்கா, இது பரிசோதனை இல்ல, வீம்பு."

"வீம்புதாம்மா."

"ஒரு ஆடு பாம்பு கடிச்சுச் செத்தாக்கூட ஆந்தை தலையிலதான் விழும். அப்புறம் இந்த எடத்தையே மூடிருவாங்க. இருக்கிற ஆந்தையெல்லாம் எங்க கொண்டுபோறது?"

"இப்பம் மட்டும் மூடாம விடப் போறாவளா? மனு எழுதியாச்சு. ஆடு செத்தா அறுத்துப் பாப்போம். நீங்கதானம்மா சொன்னீங்க, செத்தத அறுத்துப் பாத்தாத்தான் நெசம் தெரியும்னு."

தான் சொன்னதையே எடுத்து எதிரில் வைத்தால் என்ன செய்வது? ஆஸ்லின் தூத்துக்குடிக்குப் போன் போட்டு அறக்கட்டளை மேனேஜரிடம் அரைமணி நேரம் பேசினாள். அரைமனசோடு ஒத்துக்கொண்டார்கள். அவளும் தன் பங்குக்கு நிபந்தனை போட்டாள். எல்லா ஆட்டுக்கும் முதலில் குடற்புழு மருந்து. கண்மாய்ப் பக்கம் போகவே கூடாது, தண்ணீர் கொட்டகை போர்வெல் தொட்டியில். கூண்டுக்கும் கிடைக்கும் நடுவில் இருபதடி. கிடைக் காவல் நாய் கூண்டுப் பக்கம் வரக்கூடாது. கூண்டுக் குப்பை எப்போதும் போலச் சுண்ணாம்புக் குழிக்குள்தான் போக வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையில் மட்டும் ராதாமணிக்கு வருத்தம். குப்பையைக் கிடைத் தரையிலேயே கொட்டி ஊருக்குக் காட்ட வேண்டும் என்று அவள் நினைத்திருந்தாள்.

புதன்கிழமை பட்டப்பகலில் ஊர் நடுவழியாக ஆடுகள் போயின. தட்டிகளைத் தலையில் வைத்து நந்தகோபால் முன்னால் போனார், ராதாமணி பின்னால் ஓட்டிப் போனாள். குறுக்குப் பாதை இருந்தது. அதில் போகலாமே என்று நந்தகோபால் கேட்டதற்கு, திருட்டு ஆடா ஓட்டிட்டுப் போறோம் என்றாள். கடை வாசலில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

முதல் இரண்டு நாள் ஆட்டு வாடைக்கு ஆந்தைகள் கூண்டின் மூலையில் ஒட்டிக்கொண்டு கொண்டையைச் சிலுப்பின. பிறகு பழகிவிட்டன. மார்கழிப் பனி காய்ந்து புல் உலர்ந்த பிறகுதான் ராதாமணி கிடையைத் திறந்தாள். பனியோடு சேர்த்து மேய்ந்தால் புழு ஏறும் என்பதில் அவளும் ஆஸ்லினும் ஒரே கட்சி. நந்தகோபால் காற்றாடிகளுக்கு அடியில், ஓடைக்கரை மேட்டில், வேலியோரங்களில் மேய்த்தார். தொரட்டிக் கம்பால் உடை முள்மரத்தை உலுக்கி நெற்று உதிர்த்துப் போட்டார். கண்மாய்க்குப் போனால் ஒரு மணி நேரத்தில் நிறைகிற வயிறு, இங்கே நிறைவதற்கு அந்தி வரை நடக்க வேண்டும். அவருக்குக் கால் வீங்கியது. வேப்பெண்ணெயைக் காய்ச்சித் தேய்த்துக்கொண்டார், குறை சொல்லவில்லை. மாட்டுப் பொங்கலன்றைக்கு ஆடுகளுக்குக் கொம்பில் வர்ணம் அடித்துவிட்டு, கொட்டகை வாசலிலேயே பொங்கல் வைத்தார்கள். அதே வாரம் வெள்ளைமுகக் கூகைக்கு மூன்றாவது தடவையும் எச்சம் சுத்தம். பொழுது சாய்கிற நேரத்தில் கூண்டைத் திறந்தபோது அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஓடைப் பக்கம் போய்விட்டது. ராதாமணிக்கு அழுகை வந்தது. ஆட்டை விற்கும்போது வருகிற அழுகை வேறு, இது வேறு.

முப்பத்தோராம் நாள் காலையில் ஒரு சினை ஆடு வயிறு உப்பிச் செத்துக் கிடந்தது. பத்து மணிக்குள் பாதி ஊர் கொட்டகை வேலிக்கு வெளியே வந்து நின்றுவிட்டது. இத்தனை நாள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள். பாண்டிராஜும் வந்திருந்தார், சீனியும் வந்திருந்தார். நந்தகோபால் செத்த ஆட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எல்லாம் முடிந்தது என்றுதான் அவர் நினைத்தார்.

"இப்பம் என்ன சொல்லுத ராதாமணி?" என்று பாண்டிராஜ் வேலிக்கு வெளியே இருந்து கேட்டார்.

"டாக்டரம்மா வந்துக்கிட்டிருக்காவ. யாரும் போயிராதீங்க. இருந்து பாத்துட்டுத்தான் போணும்."

ஆஸ்லின் வர பதினொன்றரை ஆயிற்று. வெயிலில் சாக்கை விரித்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஆட்டைப் போட்டு அறுத்தாள். முதல் வயிற்றுக்குள்ளிருந்து தேங்காய் அளவுக்கு ஒரு உருண்டை வந்தது. கேரிப்பை, சணல், கல்யாண வீட்டுப் பந்திப் பேப்பர். சோற்று வாடைக்கு ஆடு தின்றது வயிற்றில் சுருண்டு அடைத்திருந்தது. பிறகு, ஆட்டுப் புழு குடியிருக்கிற நாலாவது வயிற்றைக் கீறி, சட்டியில் தண்ணீர் விட்டு அலசினாள். புழு என்று ஒன்றுகூட இல்லை. ராதாமணி அந்தச் சட்டியை வாங்கி, வேலி நெடுக ஒவ்வொருவர் முகத்துக்கும் நேரே கொண்டுபோய்க் காட்டினாள். மூக்கைப் பொத்தியவர்களிடம் கூடுதல் நேரம் நின்றாள்.

சட்டி தன் முன்னால் வந்தபோது சீனி அதை ரொம்ப நேரம் பார்த்தார். "எங்க வீட்டுலயும் காலையில ஒரு குட்டி செத்துக் கெடக்கு" என்றார் மெதுவாக.

"கொண்டாங்க அண்ணாச்சி."

பாண்டிராஜ் வேண்டாம் என்று கையைக் காட்டினார். சீனி அவரைப் பார்க்கவே இல்லை. போய்ச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். ஆஸ்லின் அந்தக் குட்டியின் நாலாவது வயிற்றையும் கீறி அதே போல அலசினாள். சட்டித் தண்ணீரில் சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூல்கள் நெளிந்தன. நூற்றுக்கணக்கில் இருக்கும். சீனி தரையில் உட்கார்ந்துவிட்டார். ராதாமணி உள்ளே போய் ஸ்பிரிட் குப்பியைக் கொண்டுவந்து சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"குப்பியில இருக்கது ஆந்தப் புழு. சட்டியில இருக்கது நம்ம ஆட்டுப் புழு. ரெண்டும் ஒண்ணான்னு அவியவிய கண்ணால பாத்துக்கிடுங்க. அதே புழுன்னு சொன்னது இந்த வாயிதான். இந்த வாயாலயே சொல்லுதேன், அது பொய்யி. சீனி அண்ணாச்சி, உங்க ஆடு என்னைக்காவது இந்தக் கொட்டகப் பக்கம் வந்துருக்கா?"

"இல்ல."

"கம்மாய்க்கு?"

"தெனமும் போவுது" என்றார் சீனி. ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். பாண்டிராஜுக்குக் காட்டில் அவசர வேலை இருந்தது.

ஊர் மனசு மாறிவிட்டது என்று நினைத்தால் அது உங்கள் தப்பு. நோட்டில் எழுதியது எழுதியபடியே இருந்தது. மனுவும் கலெக்டர் ஆபீசில் இருந்தது. கோவில்பட்டிக்குப் போய் மருந்து வாங்கிவந்து, மந்தையைக் கண்மாயிலிருந்து மேட்டுக்கு மாற்றியவர் சீனி ஒருவர்தான். மற்ற இரண்டு மந்தைக்காரர்கள் உள்வாயிலேயே மேய்த்தார்கள். அவர்கள் ஆடுகள் எலும்பும் தோலுமாகித் தண்ணீராய்க் கழிந்தன. அவற்றைக் கிடையில் மறித்து எந்தக் காட்டுக்கு உரமாக்குவது? தை முடிந்து உளுந்தும் பருத்தியும் வீடு வந்ததும் காடு வைத்திருக்கிற சம்சாரிகள் சுற்றிலும் பார்த்தார்கள். சீனியின் ஆடுகள் இன்னும் தேறவில்லை, மறிக்கத் தோதான ஆடு ஊரில் நந்தகோபாலுடையதுதான் இருந்தது. மண்டலம் முடிந்தும் அது கொட்டகையில்தான் கிடந்தது. களர் நிலம் மூன்று விரல் கனத்துக்குப் புழுக்கை மூடிக் கருத்துக் கிடந்தது.

மாசி மூன்றாம் தேதி காலையில் பாண்டிராஜ் டிராக்டரோடும் மண்வெட்டி பிடித்த இரண்டு ஆட்களோடும் கொட்டகைக்கு வந்தார்.

"மேனேஜர்ட்ட போன்ல பேசிட்டேன். கெட போட்ட மண்ண வழிச்சு அள்ளிக்கிடச் சொல்லிட்டாரு. அவியளுக்கும் எடம் சுத்தமாவும்" என்றார்.

ராதாமணி டிராக்டருக்கு முன்னால் வந்து நின்றாள். "மண்ணு அவிய மண்ணு. புழுக்க எங்க ஆட்டுப் புழுக்க. தனியாப் பிரிச்சு மண்ண மட்டும் அள்ளிக்கிடுங்க அண்ணாச்சி."

மண்வெட்டிக்காரர்களில் ஒருவன் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

"வெளாடாத ராதாமணி."

"வெளாடல. இதுல ஆந்தப் புழு இருக்குமே. உங்க காட்டுக்கு ஆவாதுன்னு நீங்கதான எழுதி வச்சீங்க?"

"அதெல்லாம் இல்லன்னுதான் அன்னைக்கே பாத்தமே."

"பாத்தீங்க. சொல்லலியே."

பாண்டிராஜ் டிராக்டர்க்காரனைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார், கருத்துக் கிடந்த தரையைப் பார்த்தார். ராதாமணி நகரவில்லை. எழுதி வாசித்த அதே கூடத்தில், ஆந்தைப் புழு இல்லை என்று எழுதி வாசிக்க வேண்டும், மனுவைத் திரும்ப வாங்க வேண்டும், அதற்குப் பிறகு முறையாக வந்து கிடை கேட்டால் ஆடு தானாக நடந்து வந்து உங்கள் காட்டில் படுக்கும், அதுவரை மண்ணில் ஒரு கூடைகூடத் தரமாட்டேன் என்றாள். டிராக்டர் காலியாகவே திரும்பியது.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளும் நந்தகோபால் காற்றாடிகளுக்கு அடியிலேயே மேய்த்தார். வருமானம் இல்லாத மாசி அவருக்கு இதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சீனி எழுந்து, நோட்டைத் தன் கையாலேயே எடுத்துப் பாண்டிராஜிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாராம். ஆந்தைப் புழு இல்லை, கிடைக்குத் தடையும் இல்லை என்று பாண்டிராஜ் வாசித்தாராம். குரல் சரியாகக் கேட்கவில்லை என்று சீனி இரண்டாவது தடவையும் வாசிக்க வைத்தார் என்றும் சொல்கிறார்கள். மனு திங்கட்கிழமை திரும்பி வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, வெயில் ஏறின பிறகு, பாண்டிராஜ் வெள்ளை வேட்டியோடு வந்தார். பின்னால் நாலைந்து சம்சாரிகள். கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு நாட்டுப் பழம். கிடை கேட்க வருகிற சம்சாரி ஆட்டுக்கார வீட்டு ஆம்பிளை கையில் வெற்றிலை வைத்துத்தான் கேட்பது அந்தப் பக்கத்து வழக்கம். கொட்டகை வாசலில் தட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த நந்தகோபாலிடம் தாம்பாளத்தை நீட்டினார். நந்தகோபால் எழுந்து நின்றார். கையை நீட்டவில்லை.

"இங்கன கெட மறிச்சது நான் இல்ல அண்ணாச்சி. அவ. அவகிட்ட குடுங்க."

"பொம்பளைட்டயா? அப்படி வழக்கம் இல்லையே."

"ஆந்தக் கொட்டகையில கெட மறிக்கதும் வழக்கம் இல்லதான். மறிச்சாச்சே" என்றார் நந்தகோபால். அவர் ஊருக்கு முன்னால் அவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை.

ராதாமணி கடைசிக் கூண்டுக்குள் குனிந்து தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாள்தான் ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து ஒரு புது ஆந்தை வந்திருந்தது. இறக்கையில் கட்டுப் போட்டு மூலையில் நின்றது, எச்சம் இன்னும் பார்க்கவில்லை. அதைக் குப்பியில் பிடித்து வைத்துவிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவள் சத்தம் கேட்டு நிமிர்ந்து, வலை வழியாகத் தாம்பாளத்தையும் ஆளையும் பார்த்தாள். புருசனையும் பார்த்தாள்.

"சோலி முடியல அண்ணாச்சி. முடிச்சுட்டுக் கையக் கழுவிட்டு வாரேன். அங்கனயே நில்லுங்க."

பாண்டிராஜ் இரண்டு கையாலும் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்.